மெல்லக் கற்போர் வகுப்பு தோற்பதே இல்லை

எங்கள் பள்ளியில் மெல்லக் கற்போருக்கான சிறப்பு வகுப்பு ஒரு வருடம்கூடத் தோற்றதில்லை. காலாண்டில் 35க்குக் கீழே வாங்கிய பிள்ளைகளைப் பட்டியல் போட்டு எடுப்போம். சாயங்காலம் நாலேகால் முதல் ஐந்தரை வரை உட்கார வைப்போம். அரையாண்டு மார்க் வந்ததும் பார்த்தால் அவர்களுடைய சராசரி ஏறியிருக்கும். யார் எடுத்தாலும் ஏறும். ஒரு மார்க் கேள்விகளை மட்டும் மனப்பாடம் பண்ண வைத்த வருடமும் ஏறியது. வடிவியலையும் கிராஃபையும் திரும்பத் திரும்பப் போட வைத்த வருடமும் ஏறியது. வகுப்பு எடுக்க வேண்டியவர் வாக்காளர் பட்டியல் வேலை என்று பாதி நாள் வெளியே சுற்றிய வருடம்கூட ஏறியது. தோற்கவே தெரியாத ஒன்றைப் பார்த்தால் கணக்கு டீச்சருக்குச் சந்தேகம் வரவேண்டும். எனக்கு வந்தது.

நான் கடலூரில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். கீழே வரும் மார்க்குகளும் பெயர் எடுத்து, எந்தப் பிள்ளை என்று தெரியாதபடி கொஞ்சம் நகர்த்தி வைத்தவைதான். கணக்கின் போக்கு மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு தேர்வு முடிந்ததும் பாடவாரியாக மார்க் அனாலிசிஸ் எழுதிக் கொடுக்கவேண்டும். எழுதியவர் எத்தனை, தேர்ச்சி எத்தனை, தேர்ச்சி சதவீதம், சராசரி, 90க்கு மேல் எத்தனை பேர், தேர்ச்சி பெறாதவர்களுக்கு எடுத்த நடவடிக்கை. அந்தத் தாளில், மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்துக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. பத்தாம் வகுப்புப் புத்தகத்தின் எட்டாவது பாடமே புள்ளியியலும் நிகழ்தகவும்தான். விலக்க வர்க்கச் சராசரி, திட்ட விலக்கம், மாறுபாட்டுக் கெழு என்று பிள்ளைகளிடம் பக்கம் பக்கமாகக் கணக்கு வாங்குகிறோம். அந்தப் பிள்ளைகளின் மார்க்கை நாம் பார்க்கும்போது சராசரியோடு நிறுத்திக்கொள்கிறோம். சராசரி 6 மார்க் ஏறியது என்றால் எல்லாரும் ஆளுக்கு ஆறு ஏறினார்களா, அல்லது இரண்டு பேர் முப்பது முப்பது ஏறி மற்றவர்கள் அப்படியே நின்றார்களா? அந்தத் தாளைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். என் ஏ செக்‌ஷனில் சிறப்பு வகுப்புக்கு வந்தவர்கள் பத்துப் பேர். காலாண்டில் வாங்கியது: 29, 21, 33, 17, 26, 34, 30, 27, 32, 23. அதே வரிசையில் அரையாண்டு: 41, 26, 30, 25, 41, 34, 37, 36, 30, 32. சராசரி 27.2லிருந்து 33.2 ஆனது. நான்கு பேர் 35ஐத் தாண்டினார்கள். மீட்டிங்கில் எச்.எம். சார் மனம் குளிர்ந்து, “பாருங்க டீச்சர், ஆறு மார்க்! அடுத்த வருஷம் எல்லாப் பாடத்துக்கும் போட்டுடலாம்” என்றார்.

இந்த ஆறு மார்க்கை நம்பலாமா என்று பார்க்க மிக எளிய சோதனை ஒன்று இருக்கிறது. ஜோடி டி-டெஸ்ட் என்பார்கள். ஒரே பிள்ளையின் முன் மார்க்கையும் பின் மார்க்கையும் ஜோடியாக வைத்து, வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. மேலே உள்ள பத்துப் பேருக்கும் வித்தியாசம் இப்படி வருகிறது: 12, 5, −3, 8, 15, 0, 7, 9, −2, 9. கூட்டினால் 60, சராசரி 6. ஒவ்வொன்றும் ஆறிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 322. இங்கேதான் நம் புத்தகக் கணக்கிலிருந்து ஒரு சின்ன மாற்றம். புத்தகத்தில் பத்துப் பேர் இருந்தால் பத்தால் வகுப்போம். இங்கே ஒன்றைக் குறைத்து 9ஆல் வகுக்கவேண்டும். ஏனென்றால் நம் கையில் இருப்பது பத்துப் பேர் கொண்ட ஒரு மாதிரி. உண்மையான சராசரி நமக்குத் தெரியாது, அதையும் இதே பத்துப் பேரிடமிருந்துதான் எடுத்திருக்கிறோம். அதனால் விலகல் கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதை ஈடுகட்டத்தான் 9. வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 5.98. அதை √10ஆல் வகுத்தால் 1.89. இதுதான் சராசரியின் திட்டப் பிழை. ஆறை 1.89ஆல் வகுத்தால் 3.17. இந்த எண்ணுக்குத்தான் டி என்று பெயர்.

டி அட்டவணையில் 9க்கு நேரான வரியைப் பார்த்தால் 5 சதவீதத்துக்கு 2.262, ஒரு சதவீதத்துக்கு 3.250 என்று இருக்கும். நமக்கு வந்தது இரண்டுக்கும் நடுவில். கம்ப்யூட்டரில் போட்டால் பி மதிப்பு 0.011 என்று வரும். அதாவது, முன்னுக்கும் பின்னுக்கும் உண்மையில் மாற்றமே இல்லை, பத்துப் பேரின் ஏற்ற இறக்கமும் தற்செயல் என்றே வைத்துக்கொண்டாலும், இவ்வளவு பெரிய வித்தியாசம் வர நூற்றில் ஒரு வாய்ப்புதான் உண்டு.

கையால் போட நேரமில்லாதவர்கள் எக்செல்லிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ டி.டெஸ்ட் என்ற ஃபங்ஷனைப் பயன்படுத்தலாம். முதல் பத்தி, இரண்டாம் பத்தி, பிறகு 2, பிறகு 1 என்று கொடுக்கவேண்டும். அந்த 2 என்பது ஏறினாலும் இறங்கினாலும் கணக்கில் எடு என்பதற்கு. கடைசி 1 என்பது ஜோடி என்பதற்கு. அது டி மதிப்பைக் காட்டாது, நேராகப் பி மதிப்பையே தரும். கடைசி இடத்தில் 2 போட்டால் முன் பட்டியலும் பின் பட்டியலும் வேறு வேறு ஆட்களுடையது என்று எடுத்துக்கொள்ளும். இதே மார்க்குக்கு அப்படிப் போட்டால் டி 3.17லிருந்து 2.40க்கு இறங்கிவிடும். ஒரு பிள்ளை 17இலும் இன்னொன்று 34இலும் தொடங்கியது என்ற வேறுபாடெல்லாம் குறுக்கே வந்து, ஏறியதை மங்கலாக்கிவிடும். முன்-பின் ஒப்பீடு என்றால் ஜோடிதான்.

இந்த டி கதையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், இது பல்கலைக்கழகத்தில் பிறந்ததல்ல, பீர் கம்பெனியில் பிறந்தது என்பது. வில்லியம் சீலி காசெட் என்பவர் அயர்லாந்தின் டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர். பார்லியைச் சோதிக்கும்போது அவர் கையில் இருந்தது நாலைந்து மாதிரிகள்தான். அந்தக் காலத்துப் புள்ளியியல் முறைகளோ நூற்றுக்கணக்கில் அளவுகள் கேட்பவை. குறைவான மாதிரியை வைத்துக்கொண்டு எவ்வளவு உறுதியாகப் பேசலாம் என்று அவர் போட்ட கணக்கு 1908இல் ‘பயோமெட்ரிகா’ இதழில் வந்தது. ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுத ஆலை விடாததால் ‘ஸ்டூடண்ட்’ என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். பத்துப் பிள்ளைகளை வைத்து முழிக்கும் டீச்சருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்.

ஆக, டி-டெஸ்ட் எச்.எம். சார் பக்கம்தான் பேசுகிறது. மாற்றம் தற்செயல் இல்லை. அப்படியானால் சிறப்பு வகுப்பு வேலை செய்தது என்று முடித்துவிடலாமா? கூடாது. டி-டெஸ்ட்டிடம் நாம் கேட்டது மார்க் மாறியதா என்று. எதனால் மாறியது என்று கேட்கவே இல்லை. கேட்டாலும் அதனிடம் பதில் கிடையாது.

இந்தப் பத்துப் பேரையும் நாம் எப்படித் தேர்ந்தெடுத்தோம்? காலாண்டில் 35க்குக் கீழே வாங்கியவர்கள் என்று. ஒரு பிள்ளையின் மார்க்கில் அதற்குத் தெரிந்தது ஒரு பங்கு. மிச்சம் அன்றைய நாள். படித்த கேள்வி வந்ததா, கட்டாயக் கேள்வி கைகொடுத்ததா, முதல் நாள் இரவு வீட்டில் சண்டையா, காய்ச்சலா, பக்கத்து பெஞ்சுப் பிள்ளை தாளைத் திருப்பி வைத்ததா. காலாண்டில் அடிமட்டத்தில் இருப்பவர்களை மட்டும் பொறுக்கினால், தெரியாதவர்களோடு சேர்த்து, அன்றைக்கு நாள் சரியில்லாதவர்களையும் நிறையவே பொறுக்கிவிடுகிறோம். அடுத்த தேர்விலும் அவர்கள் எல்லாருக்கும் நாள் சரியில்லாமல் போகாது. ஆகவே நாம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் அந்தக் கூட்டத்தின் சராசரி ஏறும். அதே காரணத்தால் மேல்மட்டத்தில் இருப்பவர்களின் சராசரி இறங்கும். என் வகுப்பில் காலாண்டில் 80க்கு மேல் வாங்கிய எட்டுப் பேரின் சராசரி 87. அரையாண்டில் அதே எட்டுப் பேருக்கு 82. அவர்களை யாரும் கெடுக்கவில்லை.

பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேயர் பெற்றோர் உயரத்தையும் பிள்ளைகள் உயரத்தையும் அளந்து 1886இல் இதை எழுதினார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடக் கொஞ்சம் குள்ளம். மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் அவர்களைவிடக் கொஞ்சம் உயரம். இரண்டு பக்கமும் நடு நோக்கித் திரும்புகிறது.

ஸ்டாஃப் ரூமில் இது வேறு வேஷத்தில் உட்கார்ந்திருக்கும். எங்கள் அறிவியல் டீச்சர் அடிக்கடி சொல்வாள்: “பாராட்டினா தலைக்கு ஏறிடுதுக்கா. திட்டினாத்தான் படிக்குதுங்க.” அவள் பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொல்கிறாள். நல்ல மார்க் வாங்கும்போது பாராட்டுகிறோம், அடுத்த முறை இறங்குகிறது. மோசமான மார்க் வாங்கும்போது திட்டுகிறோம், அடுத்த முறை ஏறுகிறது. பாராட்டும் திட்டும் இல்லாமலே இரண்டும் நடந்திருக்கும். உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களிடம் இதே பேச்சைக் கேட்டதாக எழுதியிருக்கிறார். அங்கே ஆகாயத்தில் குட்டிக்கரணம், இங்கே இருபடிச் சமன்பாடு. நம்பிக்கை ஒன்றுதான். பிள்ளைகளுக்கு விழும் திட்டில் பாதி இந்தக் கணக்குக் கோளாறால் விழுவது என்பது என் அபிப்பிராயம்.

நடு நோக்கித் திரும்புவதால் மட்டும் எத்தனை மார்க் ஏறும் என்று தோராயமாகக் கண்டுபிடிக்க முடியும். அதற்கு முழு வகுப்பின் மார்க்கும் வேண்டும். ஏ செக்‌ஷனில் 42 பேர். காலாண்டு சராசரி 55, அரையாண்டிலும் 55தான். திட்ட விலக்கமும் ஏறக்குறைய அதேதான். இரண்டு தேர்வு மார்க்கும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.85 (முழுதாக ஒத்துப்போனால் 1). கோரெல் என்ற ஃபங்ஷனில் இரண்டு பத்தியையும் கொடுத்தால் வந்துவிடும். ஒன்றிலிருந்து அதைக் கழித்தால் 0.15. சிறப்பு வகுப்புப் பிள்ளைகள் வகுப்புச் சராசரியிலிருந்து 27.8 மார்க் கீழே இருந்தார்கள். 27.8ஐ 0.15ஆல் பெருக்கினால் 4.2. ஆக, வகுப்பே எடுக்காமல் இருந்தாலும் நாலு மார்க் ஏறியிருக்கும். மேலே உள்ள எட்டுப் பேருக்கும் இதையே போட்டால், சராசரியிலிருந்து 32 மேலே, 0.15ஆல் பெருக்கினால் 4.8 இறங்கவேண்டும். இறங்கியது 5. (இரண்டு தேர்வின் சராசரியும் பரவலும் ஒத்திருந்தால்தான் இந்தச் சுருக்கு வழி செல்லும். அரையாண்டுத் தாள் கடினமாக வந்து வகுப்பே இறங்கியிருந்தால் முதலில் அதைச் சரிக்கட்டவேண்டும்.)

ஆறில் நாலு போனால் மிச்சம் இரண்டு. எச்.எம். சாரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “ரெண்டு மார்க்குக்கா டீச்சர் நாம இவ்வளவு பேரையும் இருட்டுற வரைக்கும் வச்சிருக்கோம்?” என்றார். அந்த இரண்டாவது நிஜமா என்று பார்க்கவேண்டும் சார் என்றேன்.

அதற்கு ஒப்பிட ஆள் வேண்டும். பி செக்‌ஷனில் காலாண்டில் 35க்குக் கீழே எட்டுப் பேர் இருந்தார்கள். அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு இல்லை. பெரும்பாலும் திருவந்திபுரம், பாலூர், நடுவீரப்பட்டுப் பக்கத்துப் பிள்ளைகள். பள்ளி விட்டதும் வரும் டவுன் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்கவேண்டும், பெண் பிள்ளைகளை வீட்டில் விடமாட்டார்கள். அந்த எட்டுப் பேருக்கும் காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் இடையே வந்த வித்தியாசம்: 4, 10, −5, 6, 1, 9, −1, 8. கூட்டினால் 32, சராசரி 4. ஒரு சாயங்காலம்கூடத் தங்காமல் நாலு மார்க் ஏறியிருக்கிறார்கள். நான் மேலே போட்ட 4.2க்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிறது.

இப்போது ஏ செக்‌ஷன் வித்தியாசங்களையும் பி செக்‌ஷன் வித்தியாசங்களையும் ஒப்பிடுவோம். இங்கே ஜோடி கிடையாது, இரண்டும் வேறு வேறு பிள்ளைகள். ஏவில் விலகல் வர்க்கக் கூடுதல் 322, பியில் 196. சேர்த்தால் 518. ஏவுக்கு 9, பிக்கு 7, மொத்தம் 16. வகுத்தால் 32.4, வர்க்கமூலம் 5.69. அதைப் பத்தில் ஒன்றும் எட்டில் ஒன்றும் கூட்டி எடுத்த வர்க்கமூலத்தால் பெருக்கினால் திட்டப் பிழை 2.70. இரண்டு மார்க்கை 2.70ஆல் வகுத்தால் டி 0.74. அட்டவணையில் 16க்கு நேரே தேவைப்படுவது 2.120. பக்கத்தில்கூட வரவில்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு “சிறப்பு வகுப்பு வீண்” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அதையும் ஒத்துக்கொள்ளமாட்டேன். 2.70ஐ 2.12ஆல் பெருக்கினால் 5.7. அதாவது சிறப்பு வகுப்பின் பலன் இரண்டு மார்க், கூட்டியோ குறைத்தோ 5.7. கீழே −3.7 வரை போகலாம், மேலே 7.7 வரை போகலாம். ஏழு மார்க் என்பது பத்தாம் வகுப்பில் சாதாரணமா? 28 வாங்கும் பிள்ளையைக் கரை சேர்த்துவிடும். பதினெட்டுப் பிள்ளைகளை வைத்து, இந்த வகுப்பு பெரிய உதவியா, ஒன்றுமில்லையா, களைத்துப் போக வைத்துக் கெடுக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதுதான் நிலைமை. பி மதிப்பு 5 சதவீதத்துக்குக் (0.05) கீழே வந்தால்தான் நம்புவது என்ற கோடும் வானத்திலிருந்து விழுந்ததல்ல. புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925இல் எழுதிய புத்தகத்தில் வசதியான அளவு என்று வைத்தது. 0.049 வந்தால் வெற்றி விழா, 0.051 வந்தால் மௌனம் என்றிருப்பதற்கு அர்த்தமில்லை.

அந்த இரண்டு மார்க் நிஜம்தானா என்று தெரிந்துகொள்ள எத்தனை பேர் வேண்டும்? ஒரு தோராயக் கணக்கு உண்டு. திட்ட விலக்கத்தை, பிடிக்க நினைக்கும் வித்தியாசத்தால் வகுத்து, வர்க்கப்படுத்தி, 16ஆல் பெருக்கவேண்டும். 5.7ஐ 2ஆல் வகுத்தால் 2.85. வர்க்கம் 8.1. பதினாறால் பெருக்கினால் 130. ஒவ்வொரு பக்கமும் 130 பிள்ளைகள். அப்படி இருந்தால்தான், பலன் உண்மையிலேயே இருக்கும் பட்சத்தில் ஐந்துக்கு நாலு தடவை அது சோதனையில் அகப்படும். ஒரு பள்ளிக்குள் இது நடக்கிற காரியமா!

பி செக்‌ஷனோடு ஒப்பிட்டதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது, படிக்கும்போதே கவனித்திருப்பீர்கள். ஏ இங்கிலீஷ் மீடியம், பி தமிழ் மீடியம். ஏ பிள்ளைகள் புதுப்பாளையம், தேவனாம்பட்டினம் என்று பக்கத்திலேயே வீடு உள்ளவர்கள், பாதிப் பேர் டியூஷன் போகிறவர்கள். பி பிள்ளைகள் பஸ் ஏறுகிறவர்கள். வகுப்பு எடுப்பவரும் வேறு, தாள் திருத்துபவரும் வேறு. தாள் திருத்துவது என்றதும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் பள்ளி மார்க்கை எல்லாம் பட்டைப் படமாக வரைந்து பார்த்தால் 33, 34 என்ற இடம் ஏறக்குறைய காலியாக இருக்கும். 35இல் ஒரு கோபுரம் நிற்கும். ஏன் என்று ஆசிரியர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஸ்டெப் மார்க் எங்கேயாவது கிடைக்குமா என்று தாளை நாலு தடவை புரட்டுகிற நல்ல மனசுதான். ஆனால் சிறப்பு வகுப்பு எடுத்தவரே அந்தப் பிள்ளைகளின் தாளையும் திருத்தினால், வகுப்பின் பலனையும் மனசின் பலனையும் பிரிக்க முடியாது. இப்போது நானும் பி செக்‌ஷன் சாரும் தாள்களை மாற்றிக்கொண்டு, பெயர்ப் பகுதியை மடித்து வைத்துத் திருத்துகிறோம்.

தேர்ச்சி சதவீதத்தை நான் ஒப்பீட்டுக்கு எடுக்காததும் இதனால்தான். 17இலிருந்து 25க்கு வந்த பிள்ளையின் உழைப்பு அதில் பூஜ்யம். 34இலிருந்து 35க்கு வந்தது முழு வெற்றி. அதுவுமில்லாமல் தேர்ச்சி, தோல்வி என்று பிரித்துக் எண்ணிக்கைகளை ஒப்பிடும் கை-ஸ்கொயர் சோதனை போட்டுப் பார்க்கலாமென்றால், ஏவில் பத்துக்கு நாலு, பியில் எட்டுக்கு மூன்று. இவ்வளவு சின்ன எண்களுக்கு அந்தச் சோதனை சரிப்படாது. கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஐந்துக்குக் கீழே போனால் விட்டுவிடவேண்டும்.

எல்லாப் பாடத்துக்கும் போட்டுப் பார்க்கலாம் என்ற எச்.எம். சாரின் யோசனையிலும் ஒரு பள்ளம் உண்டு. ஐந்து பாடத்துக்கும் தனித்தனியாக டி-டெஸ்ட் போட்டால், எதிலும் எந்தப் பலனும் இல்லாவிட்டாலும், ஏதாவது ஒரு பாடமாவது 5 சதவீதக் கோட்டைத் தாண்டிவிட 23 சதவீத வாய்ப்பு. இருபது டெஸ்ட் போட்டால் 64 சதவீதம். தாண்டிய அந்த ஒன்றை மட்டும் தூக்கிப் பிடித்து ரிப்போர்ட் எழுதினால் யாருக்குத் தெரியும்?

பருவமழையை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் நடுவில்தான் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது புத்தகம் நனைந்துபோன பிள்ளைகளின் மார்க்கை முன்-பின் என்று வைத்து டி-டெஸ்ட் போட்டு என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? ஒரே மழையில் நனைந்த இரண்டு கூட்டம் இருந்தால்தான் அந்த வருடத்திலும் ஏதாவது பேச முடியும்.

இரண்டு கூட்டத்தையும் சமமாக்க ஒரே வழி குலுக்கல்தான். இதுவும் ஃபிஷர் வலியுறுத்திச் சொன்னது. 35க்குக் கீழே உள்ளவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பாதியை எடுத்தால், மீடியம், டியூஷன், வீட்டு நிலைமை எல்லாம் ஒரு பக்கமாகச் சாயக் காரணம் இருக்காது. நமக்குத் தெரியாத காரணங்களும் அப்படியே. பஸ் பிள்ளைகளை ஆரம்பத்திலேயே தனியாக எடுத்துவிடவேண்டும். தங்கவே முடியாத பிள்ளையின் பெயரைச் சீட்டில் போட்டுப் பயனில்லை.

இதைச் சொன்னதும் எச்.எம். சார், “பிள்ளைங்களை வச்சு எக்ஸ்பெரிமெண்ட் பண்றதா?” என்று பதறினார்.

“இப்பவும் அதைத்தான் சார் பண்றோம். கணக்கு மட்டும் எழுதி வைக்கிறதில்ல.”

“பேரண்ட்ஸ் வந்து கேட்டா? என் பொண்ணை மட்டும் ஏன் விட்டீங்கன்னு?”

அதற்கு நான் வைத்திருந்த பதில் இது. யாரையும் விடப்போவதில்லை. சிறப்பு வகுப்புக்கு இருப்பது ஒரே அறை, ஒரே டீச்சர். இரண்டு செக்‌ஷன் பிள்ளைகளையும் ஒன்றாக உட்கார வைத்தால் அது இன்னொரு சாதாரண வகுப்பு, சிறப்பு எதுவும் இருக்காது. ஆகவே பாதிப் பேருக்கு அரையாண்டு வரை, மீதிப் பேருக்கு அரையாண்டு முடிந்ததிலிருந்து திருப்புதல் தேர்வுகள் முடியும்வரை. யாருக்கு எந்தப் பாதி என்பதைப் பிள்ளைகளே டிபன் பாக்ஸில் சீட்டெடுத்து முடிவு செய்யட்டும். அரையாண்டு மார்க்கில் முதல் பாதியையும் இரண்டாம் பாதியையும் ஒப்பிட்டால் எனக்கு வேண்டியது கிடைத்துவிடும், பொதுத்தேர்வுக்குள் எல்லாருக்கும் வகுப்பும் கிடைத்துவிடும். சார் இரண்டு நாள் யோசித்து, பி.டி.ஏ. கூட்டத்தில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்றார். சொன்னோம். ஒரு அம்மா மட்டும், தன் பெண் முதல் பாதியில்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அந்தப் பெண்ணைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு ஒப்பீட்டிலிருந்து மட்டும் எடுத்துவிட்டேன்.

இந்த வருடம் அப்படிப் பிரித்ததில் ஒவ்வொரு பக்கமும் ஐந்து பேர் கிடைக்கிறார்கள். 130க்கு இன்னும் 125 பாக்கி. ஒரு பள்ளிக்கு இரு பக்கமும் ஐந்தைந்து என்றால் 26 பள்ளிகள் சேர்ந்தால் போதும். காலாண்டுக்கும் அரையாண்டுக்கும் வருவது பொது வினாத்தாள்தான், ஆகவே கணக்கைச் சேர்ப்பதில் சிரமம் இல்லை. பண்ருட்டி, நெய்வேலி, சிதம்பரம், விருத்தாசலம் என்று பத்தாம் வகுப்புக் கணக்கு எடுப்பவர்கள் யாராவது அடுத்த காலாண்டு முடிந்ததும் சீட்டுக் குலுக்கத் தயார் என்றால், எனக்குப் பெயரோ எமிஸ் (அரசு மாணவர் பதிவேட்டு) எண்ணோ வேண்டாம். மூன்று பத்தி போதும்: காலாண்டு மார்க், அரையாண்டு மார்க், சீட்டில் முதல் பாதி வந்தவருக்கு 1, இரண்டாம் பாதி வந்தவருக்கு 0. நடுவில் நின்றுவிட்ட பிள்ளைக்கும் சீட்டில் வந்த எண்ணையே போடுங்கள். தாளைத் தயவுசெய்து மாற்றித் திருத்துங்கள்.